கை சுத்தம்

கை கழுவத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் மிகக் குறைவு, சேர். சற்று முன் தேத்தண்ணீர் வந்தபோது நீங்கள் எழுந்துபோய்க் கழுவினதைப் பார்த்தேன். உள்ளங்கைகளை உரசினீர்கள், உதறினீர்கள், வந்துவிட்டீர்கள். பெருவிரல் இரண்டும் அப்படியே கிடந்தன. எல்லாரும் விடுவது பெருவிரலைத்தான். குறையாகச் சொல்லவில்லை. தொழுகைக்கு முன் உங்கள் ஆட்கள் முழங்கை வரைக்கும் கழுவுவதைப் பார்த்து எத்தனையோ தடவை மனசுக்குள் மெச்சியிருக்கிறேன். தேத்தண்ணீருக்கும் அதே மாதிரிக் கழுவினால் ஒரு குறையும் இராது.

என் பெயர் பாக்கியரத்தினம். உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மருந்து கலக்கும் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மதியம், என்னோடு வேலை செய்த திலக்சன் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஸெய்னுதீன் சேர். ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறை விளங்காவிட்டால் நான் செய்தது வெறும் கொலையாகத்தான் உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் அதைக் கண்ணாடி அறை என்போம். அங்கே கலக்கிற மருந்து ஊசி வழியே நேரே நரம்புக்குள் போவது. வாயால் போகிற அழுக்கை வயிறு பார்த்துக்கொள்ளும். நரம்புக்குக் காவல்காரன் கிடையாது. அதோடு இந்த மருந்துகளே நஞ்சுதான். ஒரு துளி தோலில் பட்டு, கழுவாமல் விட்டால் அந்த இடம் கருகிப் புண்ணாகும். ஆகவே நோயாளியை எங்கள் கையிலிருந்தும் காப்பாற்ற வேண்டும், எங்கள் கையை மருந்திலிருந்தும் காப்பாற்ற வேண்டும். வடிகட்டின காற்று ஓடுகிற ஒரு பெட்டிக்குள், இரட்டைக் கையுறை போட்ட கைகளை மட்டும் நீட்டி வேலை செய்வோம். வெளிக்காற்று நுழையக் கூடாது என்பதற்காக அறைக்கு இரண்டு கதவு. நடுவில் உடுப்பு மாற்றுகிற ஒடுக்கமான இடம். ஒரு கதவு திறந்திருக்கும்வரை மற்றக் கதவு திறக்காது. மின்சாரம் அதைப் பிடித்து வைத்திருக்கும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அவசரத்துக்கு இரண்டு கதவையும் ஒன்றாக விடுவிக்கிற சிவப்புப் பித்தான் ஒன்று உள்ளே இருந்தது. ஆட்களின் முழங்கை அதில் பட்டுப் பட்டுக் கதவுகள் விரியத் திறந்தன, காற்றுக் கெட்டது. நான்தான் சொல்லி அதைக் கழற்றுவித்தேன். கைத்தொலைபேசி உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தான். இரண்டும் சுத்தத்துக்காகச் செய்தவை. யாரையும் கொல்லுகிற எண்ணம் அப்போது எனக்கு இருக்கவில்லை. நான் நிதானமான மனுசன். ஆஸ்பத்திரியில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஒரேயொரு சொல்லைத்தான் சொல்லிக் கொடுப்பேன். துடக்கு. செத்த வீட்டுக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு; அது கழியுமட்டும் நாங்கள் கோயில் வாசலை மிதிப்பதில்லை. அது உங்களுக்கும் தெரிந்ததுதான். பெட்டிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாயா, கை துடக்கு. மாஸ்க்கைச் சரிபண்ணினாயா, துடக்கு. கிருமி, தொற்று என்று புத்தகத்தில் இருக்கிற சொல்லுக்கு ஒருத்தரும் பயப்படுவதில்லை. துடக்கு என்றால் கை தானாகப் பின்வாங்கும். கிண்ணியாவிலிருந்து வருகிற தாதி பஸ்னாகூட, "சேர், என்ட கை துடக்காப் போச்சு, திரும்பக் கழுவிட்டு வாறன்" என்பாள். அந்தச் சொல் அவ்வளவு தூரம் எங்களிடையே வேர்விட்டுவிட்டது.

சொல் கேளாதவர்களும் உண்டு. அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு பிள்ளை கண்ணாடிக் காப்போடு கையுறையை மாட்டப் பார்த்தது. இடுக்கியால் ஒரே தட்டு. காப்பும் உடைந்தது, மணிக்கட்டும் கிழிந்தது, தையல் போட்டார்கள். பிறகு அந்தப் பிள்ளை தோடுகூடப் போட்டுக்கொண்டு வந்ததில்லை. திலக்சன் ஒருநாள், மருந்தை வெளியே கொடுக்கிற சின்ன யன்னலின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு பஸ்னாவோடு கதைத்துக்கொண்டு நின்றான். நான் யன்னலை மூடினேன். விரல் இருக்கிறது என்று தெரிந்துதான் மூடினேன். கையுறையைக் கழற்றியபோது நகம் அதற்குள் கிடந்தது. "என்ன அண்ணை" என்றான், அவ்வளவுதான். நகம் பிறகு முளைத்தது, சேர்.

இன்னொரு நாள் அவனுடைய கையுறையில் ஓட்டை. அவன் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அந்த ஓட்டையின் மேல் ஒரு துளி மருந்தை விட்டுவிட்டு, ஊர்ப் புதினம் கேட்டுக் கதையை வளர்த்தேன். எரிச்சல் தாங்காமல் அவனே கையை உதறினபிறகுதான் கழுவ விட்டேன். புறங்கையில் இருக்கிற தழும்பை பிரேதத்தைப் பரிசோதித்த உங்கள் வைத்தியர் எழுதியிருப்பார். எதனால் வந்தது என்று அவருக்கு விளங்கியிராது. அதற்குப் பிறகு அவன் கையுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் போட்டதே இல்லை. பிழை விடாத கை அவனுடையது. அதை அப்படி ஆக்கினவன் நான்.

எனக்கு அவனைப் பிடிக்கும். கட்டைபறிச்சானிலிருந்து மூதூர் பஸ்ஸில் வந்துபோவான். என் மனைவி போனபிறகு, நான் சமைக்காமல் கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டு அவனுடைய தாய் தயிர்ச் சட்டி கொடுத்துவிடுவா. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் குலுக்கத்தில் சிந்தாமல் கொண்டுவருவான். அப்படிப்பட்ட பெடியன்.

என் இடக் கையில் ஒரு நூல் இருப்பதைப் பார்க்கிறீர்கள். மணிக்கட்டு வெறுமையாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட நான் நூலோடு உள்ளே போகலாமா என்று கேட்பீர்கள். அது வேறு, சேர். என் மனைவி புஸ்பராணிக்கு மார்பில் புற்றுநோய் வந்து மருந்து தொடங்கின அன்று அம்மன் கோயிலில் கட்டினது. சுகமானால் அவிழ்ப்பதாக நேர்த்தி. அவளுக்கு ஏற்றின ஒவ்வொரு மருந்தையும் நானே கலந்தேன். வேறொருவரின் கை அதில் படவில்லை. தன் கையே தனக்குதவி. மருந்தும் பிடித்துக்கொண்டுதான் வந்தது. கட்டி சுருங்கிவிட்டது என்று வைத்தியர் சிரித்தபடி சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாள் மருந்து ஏற்றி முடிந்த கையோடு நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது, விடிவதற்குள் போய்விட்டாள். நோய் அப்படித்தான். சுகமானால் அவிழ்ப்பதாக நேர்ந்த நூலை இனி எப்படி அவிழ்ப்பது? கையுறையின் மடிப்புக்குள் அது அடங்கிக் கிடக்கும். வெளியே வந்தால் விரலால் உள்ளே தள்ளிவிட்டு வேலையைத் தொடருவேன். வியர்வையில் ஊறிக் கறுத்துவிட்டது, உண்மைதான். ஆனால் தெய்வத்தின் நூலுக்குத் துடக்குக் கிடையாது.

மாரி மழை தொடங்கின பிறகு புற்றுநோய் வாட்டிலே காய்ச்சல் வரத் தொடங்கியது. காலையில் மருந்து ஏற்றினவர்கள் மத்தியானம் நடுங்கினார்கள். கிண்ணியாவில் கணக்குப் படிப்பித்த சித்தி பரீதா டீச்சரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவப்பு மருந்துப் பையைக் கண்டால், "பாக்கியம் சேர், இண்டைக்கும் ரோஸ் சர்பத்தா? சீனி கொஞ்சம் கூடப் போடப்படாதா?" என்று கேட்பா. அந்த டீச்சருக்கு நடுக்கம் பிடித்தபோது இரும்புக் கட்டில் நிலத்தில் உரசி நகர்ந்தது. பல் இறுகி நாக்கை வெட்டிவிட்டது. வாயிலிருந்து வந்த இரத்தத்தைத் துடைக்கத் துடைக்க மறுபடி வந்தது. இரண்டு தாதிமார் தோளை அமத்திப் பிடித்தும் அடங்கவில்லை. பொழுதுபட முன் அடங்கியது. நான் கதவடியில் நின்று பார்த்தேன். யாரோ ஒருவருடைய கை இதைச் செய்திருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. என்னைக் கல் என்று நினைத்துவிடாதீர்கள்.

மருந்து கலக்கிற கைகளைச் சோதிக்கச் சொன்னார்கள். அந்த நேரம் கலக்குகிறவர்கள் இரண்டு பேர்தான், நானும் திலக்சனும். வேலை முடிந்த உடனே, கையுறையைக் கழற்ற முன், ஐந்து விரல் நுனியையும் ஒரு சின்னத் தட்டில் அழுத்த வேண்டும். தட்டில் கிருமிக்குப் பிடித்த சாப்பாடு கூழாக உறைந்திருக்கும். சில நாள் வெதுவெதுப்பில் வைத்தால், விரலில் அழுக்கு இருந்தால் புள்ளி புள்ளியாக முளைக்கும். தட்டுக்கு மூடி உண்டு. பெயரை மூடியில் மட்டும் எழுதி விடாதே, தட்டின் அடியில் எழுது, மூடி மாறும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான்.

முளைத்தது. ஒரு தட்டுத் துலக்கமாக இருந்தது. மற்றதில் ஐந்து விரல் பதிந்த இடத்திலும் மஞ்சளாகப் பொங்கிக் கிடந்தது. அதன் மூடியில் திலக்சனின் பெயர். அன்று காலை முதலில் வந்து அவற்றைத் திறந்து பார்த்தவன் நான் என்பது உண்மை. மூடிகள் மாறும், சேர். நான் மாற்றினேன் என்று சொல்லவில்லை. மாறும் என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. அப்போதுதான் அவனுடைய தாய் செத்திருந்தா. முப்பத்தொன்று கழிய முன்னமே வேலைக்கு வந்துவிட்டான். "நான் வராட்டி நீங்கள் தனிய என்னண்டு சமாளிப்பீங்கள், அண்ணை? சனம் மருந்தில்லாமல் திரும்பிப் போகுது" என்றான். நல்ல மனம்தான். ஆனால் தாய்க்குக் கொள்ளி வைத்த கை. அந்தக் கையோடு கண்ணாடி அறைக்குள் வந்தான். டீச்சர் செத்தது அவனுடைய தாய் சாக முன் என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். நானும் அதை யோசித்தேன். துடக்கு சில வேளை முந்தியே வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக ஆஸ்பத்திரியில் பாதிப்பேர் போய்விடுவார்கள். நடைபாதை வெறிச்சென்று கிடக்கும். ஊருக்குள் திரிகிற மான்கள் வாசலுக்கு வந்து சோற்றுப் பார்சல் கடதாசியைத் தின்னும். நாங்கள் உள்ளே கலந்து முடித்துவிட்டோம். தட்டு இரண்டையும் வெளியே எறிய முன் இன்னொருமுறை பார்ப்போம் என்று திலக்சன் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, இது என்ட இல்லை."

"மூடியில உன்ட பேர் கிடக்கு."

"மூடி மாறும் எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள். நான் ரெண்டுக்கும் அடியிலயும் எழுதினனான்."

தட்டைக் கவிழ்த்துக் காட்டினான். அவனுடைய உருண்டை எழுத்தில் என் பெயரின் முதல் எழுத்து இருந்தது. சொல்லிக் கொடுத்ததை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவர்களை நான் கண்டதில்லை.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி என்னத்துக்கு, அண்ணை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "அந்த நூல்தான். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். தட்டை அழிச்சுப் போடுவம். நீங்கள் நூலை மட்டும் வெட்டுங்கோ. இனி ஒருத்தரும் சாகக் கூடாது."

அவன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தான். என் கையைப் பிடித்து, கையுறையின் மடிப்பை விலக்கி, நூலுக்குக் கீழே விரலை விட்டான். நகம் போய் முளைத்த அந்த விரலை. அவனுடைய கண் கலங்கியிருந்தது. "புஸ்பராணி அக்காவுக்கும் இதே நடுக்கக் காய்ச்சல்தானே வந்தது, அண்ணை" என்றான்.

அவன் சொன்னதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை. சொல்லுகிறவன் எதையும் சொல்லுவான். துடக்குக் கையால் நூலைத் தொட்டதுதான் பிழை.

பக்கத்தில் இரும்பு ஸ்டூல் நின்றது. முதல் அடி கத்தரிக்கோல் பிடித்த கைக்கு. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த பனை மட்டையை மிதித்த மாதிரி இருந்தது. அவன் கையைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது தலைக்கு. மருந்துப் போத்தல்கள் அடுக்கின தள்ளுவண்டியின் மேல் விழுந்தான், வண்டியோடு சரிந்தான். போத்தல் ஓடுகள் அக்குளுக்குக் கீழே ஆழமாக ஏறிவிட்டன. எழும்பப் பார்த்தான். மூன்றாவது முறை அதே இடத்தில் அடித்தேன், தாடை ஒரு பக்கம் போய்விட்டது. வெள்ளை நிலம், சேர். நான் ஒவ்வொரு நாளும் துடைப்பிக்கிற நிலம். இரத்தம் அதில் எவ்வளவு தூரம் ஓடும் என்று அன்றுதான் கண்டேன்.

நான் வெளியே வந்தேன். உள்கதவு எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது. நடு அறையில் முறைப்படி கழற்றினேன்: வெளிக் கையுறை, மேலங்கி, மாஸ்க், உள் கையுறை. பிறகு வெளிக்கதவைத் திறந்து, மூடாமல் காலை முண்டு கொடுத்துக்கொண்டு வாசலோர வாங்குப் பலகையில் இருந்தேன். அவன் எழும்ப மாட்டான் என்றுதான் நினைத்தேன். எழும்பினான். சுவரைப் பிடித்து உள்கதவுவரை வந்துவிட்டான். கதவின் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கதவைத் திறக்கிற பித்தானை அமத்தினான். திறக்கவில்லை. திறக்காது, நான்தான் மற்றதைத் திறந்து வைத்திருக்கிறேனே.

அவனுக்குக் கதவுச் சட்டம் தெரியும். என் காலைப் பார்த்தான். சிவப்புப் பித்தான் இருந்த இடத்தில், அது கழன்ற ஓட்டையைத் தடவினான். "அண்ணை, கதவை விடுங்கோ" என்று வாய் அசைந்தது. தாடை சரியாக வரவில்லை. வலக் கை முறிந்து தொங்கியது. இடக் கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தான். ஐந்து விரலும் பதிந்தன, தட்டில் அழுத்துகிற மாதிரியே.

அந்த நேரம் பஸ்னா சாப்பாட்டுப் பார்சலோடு வந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தொங்குகிற மேலங்கிகள் உள்கதவை மறைக்கும். காற்றாடிச் சத்தத்தில் தட்டுகிறதும் கேட்காது.

"என்ன சேர், கதவைத் திறந்துவச்சிட்டு இரிக்கீங்க? நீங்கதானே ஏசுவீங்க?"

"உள்ளுக்குப் புழுக்கம், பிள்ளை."

"திலக்சன் அண்ணன் சாப்பிட்டாரா?"

"அவர் இன்னும் கழுவி முடிக்கேல்ல."

அவள் பார்சலை வைத்துவிட்டுப் போனாள். அவளில் பிழை இல்லை. திறந்திருக்கிற கதவைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? அவள் போகிற சத்தத்துக்கு அவன் கண்ணாடியை இரண்டு மூன்று தரம் தலையால் இடித்தான். கண்ணாடி கெட்டி. பிறகு கை மெதுவாகக் கீழே வழுகியது. ஐந்து கோடு இழுபட்டுவந்து கதவின் அடியில் நின்றது. அசைவு நின்றபிறகும் காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பிறகு கை கழுவினேன், பெருவிரல் உட்பட. உங்கள் பொலிஸ்காரர் வருமட்டும் அதே வாங்கில்தான் இருந்தேன்.

பத்திரிகையில் பூட்டிவைத்துக் கொன்றான் என்று போட்டிருப்பதாக உங்கள் கொன்ஸ்டபிள் சொன்னார். அதைத் திருத்தச் சொல்லுங்கள். நான் எந்தக் கதவையும் பூட்டவில்லை, திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன். மற்றப்படி திலக்சனைக் கொன்றது நான்தான். அடித்தது நான், சாகவிட்டது நான், அவன் செத்ததைக் கண்ணால் பார்த்தவனும் நான். அப்படியே எழுதுங்கள், கையொப்பம் வைக்கிறேன்.

ஒன்று மட்டும். நேற்று மணிக்கூடு, இடுப்புப்பட்டி எல்லாம் கழற்றி வாங்கினபோது கொன்ஸ்டபிள் இந்த நூலையும் வெட்டப் பார்த்தார். அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். அது ஏலாது, சேர். வேறு எதையும் எடுங்கள். இந்த நூலில் பார்க்க ஒன்றும் இல்லை. புஸ்பராணி நோயில்தான் போனாள். நீங்கள் அதைக் கேட்கவில்லை, தெரியும். இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். நோயில்தான் போனாள்.